புதுக் கணினிக்கு இயங்குதளம் பார்ப்பது

ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி வந்து, மதர்போர்டில் ப்ராசஸரை உட்கார வைத்து, ராம் பட்டைகளை அழுத்திப் பொருத்தி, கேபினட்டை மூடி, முதன்முதலாகப் பவர் பொத்தானை அழுத்துகிறீர்கள். விசிறிகள் சுழல்கின்றன. கொஞ்ச நேரம் திரையில் ஒன்றும் இல்லை. பிறகு, பூட் செய்வதற்கு எந்தச் சாதனமும் கிடைக்கவில்லை என்று ஒரே ஒரு வரி. பலர் இங்கேதான் பதறிப்போய்க் கடைக்காரருக்குப் போன் போடுகிறார்கள். உண்மையில் அது நல்ல செய்தி. அந்த ஒரு வரியை எழுதுவதற்குள் அந்த இயந்திரம் செய்து முடித்த வேலை கொஞ்சநஞ்சமல்ல.

நீங்கள் வாங்கியது இந்த வருடத்து ப்ராசஸராகவே இருக்கலாம். மின்சாரம் பாய்ந்த கணத்தில் அதன் மையக்கரு 1978இல் வந்த இன்டெல் 8086 சிப்பைப் போலவே 16 பிட் முறையில்தான் கண்விழிக்கிறது. 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே ஒரு முகவரி. அங்கே என்ன கட்டளை இருக்கிறதோ அதைச் செய்வதுதான் அதற்குத் தெரிந்த முதல் வேலை. அந்த முகவரியில் காத்திருப்பது மதர்போர்டின் ஃப்ளாஷ் சிப்பில் எழுதப்பட்டிருக்கும் யுஇஎஃப்ஐ என்ற நிரல். பழக்கத்தில் இன்னும் பயாஸ் என்றே சொல்கிறோம். அது ப்ராசஸரை 64 பிட் முறைக்கு ஏற்றுகிறது, ராமோடு எந்த வேகத்தில் பேசினால் தவறு வராது என்று சோதித்துப் பார்க்கிறது, பிறகு ஒவ்வொரு எஸ்எஸ்டியிலும் ஏறி இறங்கி ஓர் இயங்குதளத்தைத் தேடுகிறது. டிடிஆர் 5 ராம் போட்ட புதுக் கணினியில் அந்த ராம் சோதனைக்கு முதல் முறை சில நிமிடங்கள்கூடப் பிடிக்கலாம். கறுப்புத் திரையைப் பார்த்துப் பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டாம்.

இதற்கும் முன்பே நடக்கும் இன்னொரு கூத்து உண்டு. 2015க்குப் பிறகு வந்த இன்டெல் சிப்செட்டுகளில் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்று ஒரு தனிக் குட்டிக் கணினி ஒளிந்திருக்கிறது. பிரதான ப்ராசஸர் எழுவதற்கு முன்பே அது எழுந்துவிடும். அதற்குள் ஓடுவது மினிக்ஸ் என்பது 2017இல் ஆய்வாளர்கள் மூலம் வெளியே தெரிந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானென்பாம் என்ற பேராசிரியர் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக 1987இல் வெளியிட்ட அதே இயங்குதளத்தின் வழித்தோன்றல். வியந்துபோன டானென்பாம் இன்டெலுக்கு ஒரு திறந்த மடலே எழுதினார். அதில் கோபம் இல்லை. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற செல்லமான குறை மட்டும் இருந்தது. ஏஎம்டி சிப்புகளிலும் இப்படி ஒரு பாதுகாப்புத் துணைச் சிப் உண்டு. எஸ்எஸ்டிக்குள் ஒரு ப்ராசஸர், வைஃபை அட்டைக்குள் இன்னொன்று. ஆக, இயங்குதளம் ஏற்றாத 'வெறும் கணினி'யிலும் பல நிரல்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் எதையும் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இல்லை. நமக்கு விடப்பட்டிருப்பது ஒரே ஒரு தேர்வு. அது எதைப் பற்றியது என்று சரியாகப் புரிந்துகொண்டால், 'விண்டோஸா லினக்ஸா' என்று விடிய விடிய நடக்கும் சண்டை பாதி அடங்கிவிடும்.

எண்பதுகளில் வந்த 80286, 80386 சிப்புகளிலிருந்தே ப்ராசஸருக்குள் அதிகாரப் படிநிலை உண்டு. மேல் நிலையில் ஓடும் நிரல், நினைவகத்தின் எந்த மூலையையும் எந்தச் சாதனத்தையும் தொடலாம். கீழ் நிலையில் ஓடும் நிரல் தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டிக் கை நீட்டினால் ப்ராசஸரே தடுத்து நிறுத்திவிடும். இது மென்பொருள் போட்ட விதி அல்ல, சிலிக்கனில் செதுக்கிய விதி. இயங்குதளத்தின் மையமான கெர்னல் மட்டும் மேல் நிலையில் ஓடும். நீங்கள் பயன்படுத்தும் பிரவுசர், கணக்கு மென்பொருள், விளையாட்டு எல்லாமே கீழே. கருவறைக்குள் அர்ச்சகர் மட்டும் போகலாம், நாம் வெளியே நின்று தட்டை நீட்டிப் பெயரும் நட்சத்திரமும் சொல்லலாம் என்ற ஏற்பாடுதான் இது. ஒரு கோப்பைச் சேமிக்க வேண்டுமானால் நிரல் நேராக எஸ்எஸ்டியைத் தொட முடியாது. 'இந்தக் கோப்பில் இத்தனை பைட் எழுது' என்று கெர்னலிடம் விண்ணப்பிக்க வேண்டும். இந்த விண்ணப்பத்துக்குச் சிஸ்டம் கால் என்று பெயர்.

லினக்ஸில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஓர் எண் உண்டு. 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் 'படி' என்பது 0. 'எழுது' என்பது 1. 'திற' 2, 'மூடு' 3. நிரல் அந்த எண்ணைப் ப்ராசஸரின் ஒரு ரெஜிஸ்டரில் வைத்து ஒரு சிறப்புக் கட்டளையைக் கொடுக்கும்; ப்ராசஸர் அந்த இடத்தில் நிலை மாறிக் கெர்னலுக்குள் நுழையும். இந்த எண்களை மாற்றுவதில்லை என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கறாரானவர். நேற்று ஓடிய நிரல் புதுக் கெர்னலால் இன்று ஓடாமல் போனால் தவறு கெர்னலுடையது, நிரலுடையது அல்ல என்பது அவர் பலமுறை, சில சமயம் கடுமையான சொற்களில், சொல்லிவந்திருக்கும் விதி. விண்டோஸ் வேறு மாதிரி. அங்கே உள் எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். வாக்குறுதி கொடுக்கப்பட்டிருப்பது அவற்றுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் டிஎல்எல் கோப்புகளின் அளவில். நிரல்கள் அவற்றைத்தான் கேட்க வேண்டும்.

இயங்குதளத்தைத் தேர்வது என்றால் இந்த வாக்குறுதிகளில் எதை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உங்களுக்கு வேண்டும் என்று தேர்வதுதான். ஐகான்களின் அழகு, மெனு இடப்பக்கமா நடுவிலா என்பதெல்லாம் இரண்டாம் வாரத்திலேயே கண்ணுக்குப் பழகிவிடும். டேலி விண்டோஸ் வாக்குறுதியை நம்பி எழுதப்பட்டது. இன்டிசைன், போட்டோஷாப் இரண்டும் விண்டோஸுக்கும் மேக்குக்கும் உண்டு, லினக்ஸுக்குக் கிடையாது. உங்கள் பிழைப்பு இவற்றில் இருந்தால் இந்த அத்தியாயத்தின் மீதியைப் பொழுதுபோக்காகப் படிக்கலாம். முடிவு உங்களுக்காக ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.

வாக்கைக் காப்பாற்றுவதில் மைக்ரோசாஃப்ட் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சான்று எல்லாருக்கும் தெரியும், சான்று என்று தெரியாமலே. சி, ஓ, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைத்து ஒரு ஃபோல்டர் உருவாக்கிப் பாருங்கள், பில் கேட்ஸாலேயே முடியாது என்று ஒரு மின்னஞ்சல் இருபது வருடத்துக்கு முன் இந்தியா முழுக்கச் சுற்றியது. விண்டோஸ் அந்தப் பெயரை ஏற்காது என்பது உண்மை. மர்மம் ஏதும் இல்லை. கீபோர்டையும் திரையையும் சேர்த்துக் குறிக்கும் சாதனப் பெயர் அது, கேரி கில்டாலின் சிபி/எம் என்ற எழுபதுகளின் இயங்குதளத்திலிருந்து வந்தது. 1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த, மைக்ரோசாஃப்டின் முதல் டாஸ் பதிப்பும் அதை எடுத்துக்கொண்டது. அப்போது டாஸில் ஃபோல்டர் என்ற ஏற்பாடே இல்லை. 1983இல் ஃபோல்டர்கள் வந்தபோது, பழைய நிரல்கள் உடையக்கூடாது என்பதற்காக அந்தப் பெயரை எல்லா ஃபோல்டரிலும் ஒதுக்கியே வைத்தார்கள். அந்த மரியாதை இன்னும் தொடர்கிறது.

இதைவிடச் சுவையானது சிம்சிட்டி கதை. அந்த விளையாட்டு, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை மறுபடி போய்ப் படிக்கும் ஒரு பிழையோடு எழுதப்பட்டிருந்தது. பழைய விண்டோஸில் அந்த இடம் உடனே வேறு யாருக்கும் போகாததால் பிழை வெளியே தெரியவில்லை. விண்டோஸ் 95இல் தெரிந்தது. மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது தெரியுமா? ஓடுவது சிம்சிட்டிதானா என்று கண்டுபிடித்து, அதற்கு மட்டும் நினைவகத்தை உடனே திரும்ப எடுத்துக்கொள்ளாத ஒரு தனி முறையை இயங்குதளத்துக்குள்ளேயே எழுதியது. விண்டோஸ் கனமாக இருக்கிறது என்று குறை சொல்கிறோம். அந்தக் கனத்தில் ஒரு பங்கு, ஊரார் எழுதிய பிழைகளைச் சுமக்கும் கனம். ஆனால் இந்தத் தயவுக்கும் எல்லை உண்டு: 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் ஓடவே ஓடாது. டாஸ் காலத்துக் கணக்கு நிரலை இன்னும் கட்டிக்காத்து வருபவர்கள் டாஸ்பாக்ஸ் போன்ற போலிக் கணினிக்குள்தான் அதை ஓட்ட வேண்டும்.

வாக்குறுதியைக் கொடுத்தவர்தான் காப்பாற்ற வேண்டும் என்பதில்லை. 1993இல் தொடங்கிய வைன் என்ற திட்டம், விண்டோஸின் டிஎல்எல் கோப்புகள் தரும் அதே பதில்களைத் தரும் கோப்புகளை லினக்ஸில் புதிதாக எழுதத் தொடங்கியது. விண்டோஸ் நிரல் வழக்கம்போல் கேட்கும். வைன் அதை லினக்ஸின் எண்களாக மாற்றிக் கெர்னலிடம் கொடுக்கும். நிரலுக்கு இடம் மாறியதே தெரியாது. விளையாட்டு விற்கும் வால்வ் நிறுவனம் 2018இல் வைனை அடிப்படையாகக் கொண்டு ப்ரோட்டானை வெளியிட்ட பிறகு, விண்டோஸுக்கென எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் லினக்ஸில் ஓடுகின்றன. 2022இல் வந்த அதன் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக் முழுக்க இந்த மொழிமாற்றத்தின் மேல்தான் நிற்கிறது. மறுபக்கம் மைக்ரோசாஃப்ட் 2016இல் விண்டோஸுக்குள் லினக்ஸ் நிரல்களை ஓட்டும் வசதியைக் கொண்டுவந்து, 2019இல் உண்மையான லினக்ஸ் கெர்னலையே உள்ளே வைத்துவிட்டது. லினக்ஸ் கற்க வேண்டும் என்பதற்காக மட்டும் விண்டோஸைத் துறக்க வேண்டிய காலம் போய்விட்டது.

மொழிமாற்றம் தோற்கும் இடம் ஒன்று உண்டு. வலோரன்ட் போன்ற போட்டி விளையாட்டுகள், ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க விண்டோஸ் கெர்னலுக்குள்ளேயே தம் காவல் நிரலை இறக்குகின்றன. வைன் வெளியிலிருந்து பதில் சொல்லும் ஏற்பாடு. உள்ளே கெர்னலே வேறு எனும்போது அதனால் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டுதான் வேண்டும் என்றால் விண்டோஸ்தான்.

மூன்றாமவர் நிரலைக் கெர்னலுக்குள் விடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகம் பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் மென்பொருள், நிறுவனங்களின் விண்டோஸ் கணினிகளில் கெர்னல் நிலையில் ஓடிக்கொண்டிருந்தது. அன்று போன ஒரு சிறிய தகவல் கோப்பில் பிழை. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் கணக்கின்படி 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் நின்றுவிட்டன. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். இதே பிழை ஒரு சாதாரண நிரலில் நடந்திருந்தால் அந்த நிரல் மட்டும் மூடியிருக்கும். கெர்னலுக்குள் நடந்ததால் இயந்திரமே சாய்ந்தது. இது விண்டோஸின் தனிக் குறை என்று லினக்ஸ் அன்பர்கள் கொண்டாட வேண்டாம். லினக்ஸ் கெர்னலுக்குள் போகும் கோளாறான நிரலும் இதையேதான் செய்யும்.

கெர்னலுக்குள் போகாமல் இருக்கவே முடியாத வகையறாவும் உண்டு: டிரைவர்கள். கணினியை நாமே அசெம்பிள் செய்யும்போது மட்டும் எழும் கேள்விகள் இங்கேதான் இருக்கின்றன. கடையில் விற்கும் லேப்டாப்பில் எந்தப் பாகத்துக்கு எந்த டிரைவர் என்று நிறுவனம் பார்த்துக்கொண்டிருக்கும். இங்கே நிறுவனம் நீங்கள்தான். விண்டோஸில் டிரைவர்களை எழுதுவது பாகம் செய்த நிறுவனம். லினக்ஸில் பெரும்பாலானவை கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. கெர்னலின் மூல நிரலில் பாதிக்கும் மேல் டிரைவர்கள்தான். இதில் ஒரு முரண் இருக்கிறது. ஐந்து வருடம் பழகிய பாகத்தை லினக்ஸ் கேட்காமலே அடையாளம் காணும். நேற்று சந்தைக்கு வந்த வைஃபை சிப்பை, இரண்டு வருடம் பழைய கெர்னல் திருதிருவென்று பார்க்கும். 2024 ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் தொகுப்பு முதலில் 6.8 கெர்னலோடு வந்தது. அதற்குப் பிறகு பிறந்த சிப்பைப் பற்றி அதற்கு எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆகவே புத்தம்புது பாகங்கள் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பதிப்பு வரும் ஃபெடோரா போன்றது நல்லது. ஒரு தலைமுறை பழைய பாகங்கள் என்றால் லினக்ஸ் மின்ட் போதும், நிம்மதியாகவும் இருக்கும்.

கிராபிக்ஸ் அட்டை வாங்கும்போதே இந்தக் கணக்கைப் போட வேண்டும். ஏஎம்டியின் திறந்த மூல டிரைவர் 2015லிருந்து லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கிறது. என்விடியாவோ நீண்ட காலம் தன் டிரைவரின் உள்ளடக்கத்தைப் பூட்டியே வைத்திருந்தது. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டியது அந்த நிறுவனத்துக்குத்தான். 2022இல் என்விடியா தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்துவிட்டது. நிலைமை முன்னைப்போல் இல்லை. இருந்தாலும் லினக்ஸ்தான் என்று முடிவாகிவிட்டால், நான் ஏஎம்டி அட்டைக்குத்தான் கை நீட்டுவேன்.

விண்டோஸிலும் டிரைவர் தொல்லை உண்டு, அது வரும் இடம் வேறு. விண்டோஸ் 11ஐ நிறுவும்போதே இணைய இணைப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். உங்கள் புது மதர்போர்டின் வைஃபை சிப்புக்கான டிரைவர் நிறுவும் பென்டிரைவில் இல்லாமல் போகலாம். டிரைவர் இல்லாமல் இணையம் இல்லை, இணையம் இல்லாமல் அடுத்த திரை இல்லை, டிரைவரோ இணையத்தில் இருக்கிறது! மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த டிரைவரை வேறொரு கணினியில் முன்கூட்டியே இறக்கிப் பென்டிரைவில் போட்டு வைத்துக்கொண்டால் தப்பித்தீர்கள்.

விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும் என்றதும் தனிச் சிப் வாங்க ஓடியவர்கள் உண்டு. இன்றைய ப்ராசஸர்கள் எல்லாவற்றிலும் அது உள்ளேயே இருக்கிறது, சில மதர்போர்டுகளில் பயாஸ் அமைப்பில் போய் இயக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். வன்தட்டைப் பூட்டும் சாவிகளைப் பத்திரமாகக் காப்பது அதன் வேலைகளில் ஒன்று. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், 'பத்துதான் ஸ்மூத்தா இருக்கும் சார்' என்று கடையில் சொன்னாலும் புதுக் கணினியில் அதை ஏற்றாதீர்கள்.

கடையில் இன்னொன்றும் சொல்வார்கள்: 'ஓஎஸ் நாங்களே போட்டுத் தர்றோம், காசு வேண்டாம்.' போடுவது விண்டோஸ், திறப்பது ஆக்டிவேட்டர் என்ற கள்ளச் சாவி. ஒழுக்கப் பிரச்சினையை ஒதுக்கி வையுங்கள். ஆக்டிவேட்டர் ஓடுவதற்கு முதலில் என்ன கேட்கிறது? வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்கிறது, பிறகு நிர்வாகி உரிமையைக் கேட்கிறது. யார் எழுதினார்கள் என்றே தெரியாத நிரலுக்கு, ப்ராசஸர் இவ்வளவு பாடுபட்டுக் காக்கும் கதவைத் திறந்துவிட்டு, அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கிறோம். காசு கொடுத்து வாங்க மனமில்லை என்றால் லினக்ஸ் சட்டப்படியே இலவசம். வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு: ஓஇஎம் உரிமம் அந்த மதர்போர்டோடு முடிந்துவிடும். ரீட்டெயில் உரிமத்தை நாளை வேறு கணினிக்கு மாற்றலாம். பாகங்களை அடிக்கடி மாற்றும் கை உங்களுடையது என்றால் இரண்டாவதுதான் கட்டுப்படியாகும்.

மேக் ஓஎஸ் போட முடியுமா என்று யாராவது ஒருவர் எப்போதும் கேட்பார். ஆப்பிள் கணினிகளில் மட்டும் என்று உரிமம் சொல்கிறது. மீறிப் போடும் ஹேக்கின்டாஷ் கலைக்கும் ஆயுள் முடிகிறது: ஆப்பிள் 2020இல் சொந்தச் சிப்புக்கு மாறியது, 2025இல் வந்த டஹோதான் இன்டெல் சிப்பில் ஓடும் கடைசிப் பதிப்பு.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு தனிக் கேள்வி உண்டு. 'கொ' என்று ஒருங்குறியில் எழுதினால் நினைவகத்தில் இருப்பது க, அதன்பின் ஒகரக் குறி என்ற இரண்டு எண்கள் மட்டுமே. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்துப் போடுவது, எழுத்துருவுக்கும் திரைக்கும் நடுவே இருக்கும் வடிவமைப்பு நிரல். விண்டோஸ் 2000இலிருந்து அந்த வேலையை இயங்குதளமே லதா எழுத்துருவோடு செய்யத் தொடங்கியது. லினக்ஸில் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் அதைச் செய்கிறது. தமிழ்99 விசைப்பலகை இரண்டிலும் இருக்கிறது. ஒருங்குறியில் எழுதுபவருக்கு எந்த இயங்குதளமும் சொந்த ஊர்தான். ஆனால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் டிடிபி செய்பவர் நிலை வேறு. அவற்றில் ஆங்கில எழுத்தின் எண்ணுக்குத் தமிழ் வடிவம் மாட்டியிருக்கிறது. அது தமிழ் என்பதே இயங்குதளத்துக்குத் தெரியாது. அந்த எழுத்துரு, அதற்கான தட்டச்சு நிரல், பழைய பேஜ்மேக்கர் மூன்றும் சேர்ந்து ஒருவரை விண்டோஸோடு கட்டிப் போடுகின்றன. அவரை லினக்ஸுக்கு மாறச் சொல்வதற்கு முன், பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றித் தர யார் இருக்கிறார்கள் என்று கேட்பது நல்லது.

இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். 2011இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புகளிலேயே விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. நாமே கட்டும் கணினியில் இது இன்னும் எளிது: எஸ்எஸ்டி பொருத்தும் எம்.2 இடங்கள் இரண்டு இருந்தால் ஒன்றில் விண்டோஸ், மற்றதில் லினக்ஸ். ஒன்று கெட்டாலும் மற்றது எழும். விண்டோஸ் பக்கம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியை அணைத்துவிட வேண்டும். அது இயங்கும்போது ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாகச் சாவதில்லை. கெர்னலின் நிலையை வட்டில் எழுதிவிட்டுத் தூங்குகிறது. தூங்குபவர் கையில் இருக்கும் என்டிஎஃப்எஸ் வட்டில் லினக்ஸ் எழுதப் போனால் கோப்புகள் குழம்பும் என்பதால், லினக்ஸ் பெரும்பாலும் படிக்க மட்டுமே அனுமதிக்கும்.

இரண்டையும் வைத்திருப்பவர்கள் தவறாமல் மிரளும் ஒன்று, கடிகாரம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். மதர்போர்டின் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று மாற்றிப் பார்ப்பார்கள். மறுபடி அதே ஐந்தரை. 1984இல் ஐபிஎம் பிசி ஏடியில் பேட்டரிக் கடிகாரம் வந்தபோது, டாஸ் அதை உள்ளூர் நேரமாகவே படித்தது. விண்டோஸ் அந்த வழக்கத்தைத் தொடர்கிறது. யுனிக்ஸ் பரம்பரையில் வந்த லினக்ஸ், கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை வைத்து, திரையில் காட்டும்போது மட்டும் ஐந்தரை மணியைக் கூட்டுகிறது. ஒருவர் எழுதி வைத்ததை மற்றவர் தன் வழக்கப்படி படிக்கிறார். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விண்டோஸ் வழக்கம் ஆபத்தானது, இரண்டு இயங்குதளங்களும் ஆளுக்கொரு முறை தள்ளிவிடும். இந்தியாவிலும் இலங்கையிலும் அந்தப் பழக்கமே இல்லாததால், கடிகாரம் உள்ளூர் நேரத்தில் இருக்கிறது என்று லினக்ஸிடம் ஒரே கட்டளையில் சொல்லிவிட்டால் போதும்.